வேரும் வடுவும்: வணிகப் பெயர்களின் சொற்பிறப்பு

1933ஆம் ஆண்டு சாங்காய் நகரில் ஹாலி அண்டு ஹேசல் என்னும் நிறுவனம் தோன்றியது. அது விற்ற பற்பசையின் பெயர் ‘டார்க்கி’. உறையின்மீது, முகம் முழுதும் கரிய மை பூசி, நெடுந்தொப்பி அணிந்து, வெண்பற்கள் ஒளிரச் சிரிக்கும் ஓர் ஆடவனின் படம். கறுப்பின மக்களைப் போல் வேடமிட்டு அவையோரை நகைக்கச் செய்த வெள்ளையினக் கூத்தரின் கோலம் அது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கூத்தரங்குகளில் பிறந்து, பின்னர்த் திரைப்படத்துக்கும் பரவிய வழக்கம். கீழை நாடுகளில் அப்பற்பசை அரை நூற்றாண்டுக் காலம் தடையின்றி விற்றது. 1985ஆம் ஆண்டு கோல்கேட்-பாமாலிவ் நிறுவனம் அதில் பாதிப் பங்கை வாங்கியபின் அமெரிக்காவில் கண்டனம் எழுந்தது. 1989ஆம் ஆண்டு ‘டார்க்கி’ என்பது ‘டார்லி’ ஆயிற்று. ஆங்கில எழுத்துக்கூட்டில் மாறியது ஒரே எழுத்து. சீன மொழியில் வழங்கிய ‘கறுப்பர் பற்பசை’ என்னும் பெயரோ மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. அதையும் நீக்கும் முடிவு 2021ஆம் ஆண்டின் இறுதியில்தான் வெளிவந்தது.

இப்பெயரைச் சொற்பிறப்பியலார் முன் வைத்தால் அவர் காண்பது யாது? இருளைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்று. அதன் இறுதியில் சிறுமை சுட்டும் ஒரு விகுதி. பறவைக் குஞ்சையும் நாய்க்குட்டியையும் குழந்தைகள் கொஞ்சி அழைக்கும்போது ஆங்கிலத்தில் சேரும் விகுதிதான் அது. வேர்ச்சொல்லில் வசை இல்லை; விகுதியில் அன்பே உண்டு. ஆயினும் வளர்ந்த மனிதனை, அவன் உழைப்பையும் உடலையும் விலைக்கு வாங்கியவன் கொஞ்சுமொழியில் விளிக்கும்போது, அக்கொஞ்சலே அவனை என்றும் வளராத சிறுவனாக நிறுத்திவிடுகிறது. உறுப்புகளைத் தனித்தனியே பிரித்து ஆராய்ந்தால் குற்றமற்ற சொல், முழுமையாக ஒருவன் செவியில் விழும்போது இழிவாகிறது. வணிகப் பெயர் எதனால் புண்படுத்துகிறது என்னும் ஆராய்ச்சி இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

தமிழ் இலக்கணத்தார்க்கு இது புதிய பொருள் அன்று. அவையில் கூறத் தகாத சொல்லைத் தொல்காப்பியம் அவையல் கிளவி என வகுத்து, அதனை மறைத்துக் கூறும் நெறியையும் சொல்கிறது. நன்னூல் அதனை இடக்கரடக்கல் எனத் தகுதி வழக்கின் ஒரு கூறாக வைத்தது. இவ்விலக்கணங்கள் சொல்லின் தகுதியை அதன் பிறப்பில் தேடவில்லை. கேட்கும் அவையில் தேடின. இக்கால மொழியியலும் நெடுவழி நடந்து இம்முடிவுக்கே வந்து சேர்ந்துள்ளது.

சொற்பொருள் காலத்தால் உயர்வதும் தாழ்வதும் எல்லா மொழிக்கும் இயல்பு. சங்க காலத்தில் மலரின் மணத்தைச் சுட்டிய ‘நாற்றம்’ இன்று முகம் சுளிக்க வைக்கிறது. கள்ளுண்ட மயக்கத்தைச் சுட்டிய ‘களிப்பு’ இன்று தூய மகிழ்ச்சியைக் குறிக்கிறது. முன்னதை இழிபொருட்பேறு என்றும் பின்னதை உயர்பொருட்பேறு என்றும் நம் மொழியியலார் வழங்குவர். நறுமணப் பொருள் ஒன்றுக்கு ‘மலர்நாற்றம்’ எனப் பெயரிட்டு, சங்க இலக்கியத்தைச் சான்று காட்டி ஒருவர் வழக்காடினாலும் வாங்குவார் இரார். வேரின் தூய்மை சொல்லுக்குக் காப்பு ஆகாது. இதற்கு மறுதலையும் உண்மை: வேர் இழிவாக இருந்தாலும் இன்றைய சொல் நல்லதாக வாழக்கூடும். இவ்விரண்டையும் மறந்து, ஒரு பெயர் இழிவானதா என்னும் வழக்கைச் சொற்பிறப்பால் தீர்த்துவிடலாம் என எண்ணுவோர் இருதரப்பிலும் உளர்.

அப்பிழையை விளக்க ‘எஸ்கிமோ பை’ என்னும் பனிக்கூழின் கதை பெரிதும் உதவும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒனாவா என்னும் சிற்றூரில் கிறிஸ்டியன் நெல்சன் என்பவர் பனிக்கூழ்த் துண்டின்மேல் சாக்லேட்டை உருக்கிப் பூசும் முறையைக் கண்டறிந்தார். மிட்டாய் வணிகர் ரசல் ஸ்டோவருடன் கூட்டுச் சேர்ந்தபோது ‘எஸ்கிமோ பை’ என்னும் பெயர் அமைந்தது. 1922ஆம் ஆண்டு காப்புரிமையும் கிடைத்தது. வடதுருவத்தை அடுத்து வாழும் மக்களின் பெயரைக் குளிர்ச்சியின் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவரையும் கேட்கவில்லை.

எஸ்கிமோ என்பதற்குப் ‘பச்சை இறைச்சி தின்போர்’ என்று பொருள் என நெடுங்காலம் எழுதி வந்தனர். அயலவர் சூட்டிய இழிபெயர் என்னும் கருத்து அதனால் வலுப்பெற்றது. ஆனால் அமெரிக்கப் பழங்குடி மொழிகளில் ஆழ்ந்த புலமை கொண்ட ஐவ்ஸ் காடர்ட், கனடாவின் இன்னு மக்கள் மொழியில் இச்சொல்லின் மூலத்தைக் கண்டார். பனியில் புதையாமல் நடப்பதற்கான வலைக்காலணியைப் பின்னுவோர் என்பதே அதன் பொருள் என்பது அவர் விளக்கம்; மொழியியலார் பலர் இதனை ஏற்கின்றனர். அதாவது, அண்டை மக்கள் ஒரு கைத்தொழிலை வியந்து இட்ட பெயராக அது இருந்திருக்கக்கூடும்.

எனில் வழக்கு முடிந்துவிட்டதா? முடியவில்லை. 1977ஆம் ஆண்டு அலாசுக்காவின் பாரோ நகரில் கூடிய துருவச் சுற்றுவட்ட மக்களின் மாநாடு ‘இனுயிட்’ என்னும் தம் சொந்தப் பெயரை ஏற்றது. அவர்கள் மொழியில் அதற்கு ‘மக்கள்’ என்றே பொருள். வணிகரும், பள்ளி நடத்தியோரும், குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்த அரசுகளும் வழங்கிய பெயர் பழைய பெயர். அப்பெயரோடு அம்முறைமை முழுதும் ஒட்டிக்கொண்டது. வலைக்காலணி என்னும் விளக்கம் நூலகத்தில் பிறந்தது. வடுவோ வாழ்க்கையில் விழுந்தது. 2020ஆம் ஆண்டு, அப்பனிக்கூழை அப்போது விற்றுவந்த நிறுவனம் ‘எஸ்கிமோ பை’ என்னும் பெயரைக் கைவிட்டு, தன் நிறுவனர்களுள் ஒருவரான ஜோசப் ஈடியின் நினைவாக ‘ஈடீஸ் பை’ எனச் சூட்டியது. தவறான சொற்பிறப்பை நம்பி எழுந்த கண்டனமும் அதில் கலந்திருந்தது உண்மை. சான்று பிழையாயினும் தீர்ப்புச் சரியானது என்பதே என் துணிபு.

இதனினும் நெடிய வழக்கு வாசிங்டன் நகரின் அமெரிக்கக் காற்பந்து அணியுடையது. 1933ஆம் ஆண்டு பாஸ்டனில் ‘ரெட்ஸ்கின்ஸ்’, அதாவது செந்தோலர், என்னும் பெயர் ஏற்ற அவ்வணி 1937ஆம் ஆண்டு தலைநகருக்குக் குடிபெயர்ந்தது. 1992ஆம் ஆண்டு சூசன் ஆர்ஜோ முதலிய பழங்குடியினர் அப்பெயரின் வணிகக்குறிப் பதிவை நீக்கக் கோரி முறையிட்டனர். வழக்கு கால் நூற்றாண்டு நடந்தது. செந்தோல் என்பது, பணத்துக்காகக் கொல்லப்பட்ட பழங்குடியினரின் உரித்தெடுத்த குருதித் தோலைக் குறித்த சொல் என்று ஒரு சாரார் கூறினர். போற்றும் பெயரே அது என்று அணியின் உரிமையாளர் கூறினர்.

இங்கும் காடர்ட் ஆராய்ச்சியே ஒளி தந்தது. 2005ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரை, இச்சொல்லின் மிகப் பழைய ஆட்சி 1769ஆம் ஆண்டில் பியாங்கிசா குடித்தலைவர் உரைகளில் காணப்படுவதைக் காட்டியது. தம்மை வெள்ளையரினின்று வேறுபடுத்திக் கூற அவர்கள் தம் மொழியில் சொன்னதைப் பிரெஞ்சுக்காரர் பெயர்த்தனர். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் கொண்டது. ஆகவே தொடக்கத்தில் அது தற்சுட்டுப் பெயர். உரித்த தோலின் பெயர் என்னும் விளக்கம் நிற்கவில்லை.

ஆயினும் 1863ஆம் ஆண்டு மினசோட்டா மாநில நாளேடு ஒன்றில், கொல்லப்படும் ஒவ்வொரு செந்தோலனுக்கும் அரசு தரும் பரிசு 200 டாலராக உயர்ந்துள்ளது என்னும் அறிவிப்பு வெளியாயிற்று. ஒரு நூற்றாண்டுக்கு முன் குடித்தலைவர்கள் அவைமுன் தம்மைச் சுட்டிக்கொண்ட அதே சொல்லே அறிவிப்பில் நின்றது. பிறப்பில் இல்லாத குருதி வழக்கில் வந்து சேர்ந்தது. சொல்லின் முதற்பொருளை மட்டும் அறிவியல் உண்மை எனக் கொண்டு, அடுத்த நூற்றாண்டை வெறும் உணர்ச்சி என ஒதுக்குவோர் சொல்வரலாற்றின் பாதியைக் கிழித்தெறிகின்றனர். 1769ம் சான்று, 1863ம் சான்று. பின்னதன் கீழ் வாழ்ந்தோர் வழித்தோன்றல்களே 1992இல் முறையிட்டனர்.

நமக்கு மிக அணுக்கமான சான்று ஒன்றும் உண்டு. ‘பறை’ என்னும் தோற்கருவியின் பெயரிலிருந்து வந்தது எனப் பொதுவாக ஏற்கப்படும் ஒரு குடிப்பெயர், போர்ச்சுகீசியர் வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் புகுந்தது. அங்கே அது ஊர் விலக்கிய எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. தெருநாய்க்கும் கரும்பருந்துக்கும் அதையே அடைமொழியாக்கி விலங்கியலாரும் பறவையியலாரும் எழுதினர். இன்றும் உலக நாளேடுகள், மற்ற நாடுகள் ஒதுக்கிவைத்த அரசை அச்சொல்லால் சுட்டுகின்றன. சுட்டுவோர்க்கு அது தமிழ் என்பதோ, உயிரோடு வாழும் மக்களின் பெயர் என்பதோ தெரிவதில்லை. கிளர்ச்சியின் கவர்ச்சி கருதி ஒரு நிறுவனம் நாளை அதைத் தன் பெயராகச் சூட்டுமானால், ஆங்கில அகராதி அதற்கு எந்தத் தடையும் சொல்லாது. சென்னையில் ஒருவரைக் கேட்டால் உடனே விடை கிடைக்கும். வணிகப் பெயரை ஆய்வோர் அகராதியை மட்டும் நம்பலாகாது என்பதற்கு இதனினும் வலிய சான்று எனக்குத் தெரியாது.

இதுவரை கண்டவை வரலாறு சுமந்த பெயர்கள். மற்றொரு வகை, இரு மொழிகளில் ஒலி ஒன்றி நின்றதால் நேர்வது. மிட்சுபிசி நிறுவனம் 1982ஆம் ஆண்டு ‘பஜேரோ’ என்னும் ஊர்தியை விற்பனைக்கு விட்டது. தென் அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் காட்டுப்பூனை ஒன்றின் அறிவியற் பெயரிலிருந்து எடுத்த சொல் அது. ஸ்பானிய மொழியில் ‘பாஹா’ என்றால் வைக்கோல். வைக்கோற் புல்லிடை வாழ்வதால் பூனைக்கு அப்பெயர். அதே வேரிலிருந்து தெருவழக்கில் அவையல் கிளவி ஒன்றும் கிளைத்தது. எனவே ஸ்பெயினிலும் அமெரிக்கக் கண்டங்களின் பெரும்பகுதியிலும் அவ்வூர்தி ‘மொண்டேரோ’, மலைவேட்டுவன், என ஓடியது. ஒரு வேர், இரு கிளை. ஒன்று விலங்கியலுக்கும் மற்றொன்று தெருவுக்கும் போயிற்று.

ஹூண்டாய் நிறுவனத்தின் ‘கோனா’ வேறு வகை. ஹவாய் மொழியில் அது காற்று மறைந்த பக்கத்தைச் சுட்டும். பசிபிக் தீவு மொழிகளில் தெற்கைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. தொங்கா நாட்டின் பெயர் அதன் உடன்பிறப்பு. போர்ச்சுகலில் அதே ஒலி, இலத்தீனிலிருந்து வந்த, பெண்ணுறுப்பைக் குறிக்கும் இழிவழக்குச் சொல். இரண்டுக்கும் வேரில் எத்தொடர்பும் இல்லை. அந்நாட்டில் மட்டும் ஊர்தி ‘கவாய்’ என்னும் வேறொரு தீவின் பெயரை ஏற்றது. ஆடி நிறுவனத்தின் ‘இ-ட்ரான்’ பெயரின் பின்பாதி, ஆம்பர் என்னும் மரப்பிசினுக்கு கிரேக்கர் இட்ட பெயரிலிருந்து பிறந்த எலக்ட்ரானின் வால். பிரெஞ்சுச் செவிக்கோ முழுப்பெயரும் மலக்கட்டி.

இவ்வகையில் வழங்கும் கதைகள் எல்லாம் மெய்யல்ல. செவர்லே நிறுவனத்தின் ‘நோவா’ ஊர்தி, ஸ்பானிய மொழியில் ‘ஓடாது’ எனப் பொருள்படுவதால் விலைபோகவில்லை என வணிகப் பாடநூல்கள் பல எழுதின. உண்மையில் அது மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் நன்றாகவே விற்றது. புதிது எனப் பொருள்படும் ‘நோவா’வில் அழுத்தம் முதலசையில் விழும், ‘ஓடாது’ என்னும் தொடரிலோ ஈற்றசையில் விழும். ஸ்பானியர் செவி அவ்விரண்டையும் குழப்புவதில்லை. மெக்சிகோவின் அரசு எண்ணெய் நிறுவனமே தன் எரிபொருளுக்கு ‘நோவா’ என்று பெயரிட்டிருந்தது. ஒரு மொழியை எழுத்தில் மட்டும் கண்டோர் கட்டிய கதை அது. அம்மொழி பேசுவோர் எவரேனும் அதைக் கேட்டிருந்தால் அது பாடநூல் ஏறியிராது.

ஒலியொப்புமையால் நேரும் இடர் நகைப்பை விளைக்கும்; இழிவை விளைப்பது அரிது. ‘கோனா’ என்னும் சொல்லைக் கேட்ட போர்ச்சுகீசியர் கூசினர். எவரும் தம் இனத்தை அது தாழ்த்தியதாகக் கருதவில்லை. கூச்சமும் புண்படுதலும் வெவ்வேறு உளநிலைகள். இரண்டையும் ‘புண்படுத்தும் பெயர்’ என ஒரே பட்டியலில் அடுக்கும் வழக்கம் ஆராய்ச்சியைக் குழப்புகிறது. முன்னதற்கு நாட்டுக்கு நாடு பெயர் மாற்றினால் போதும். பின்னதை எந்நாட்டில் விற்றாலும் நீக்கவேண்டும். புண்பட்டவர் அந்நாட்டில் இல்லை என்பது விடையாகாது. சீனப் பெயரை முப்பது ஆண்டு விடாமல் வைத்திருந்த பற்பசை நிறுவனம் இவ்வேறுபாட்டைத்தான் காணத் தவறியது.

சொல் உடலைத் தாக்குவது எவ்வாறு? ஒலிக்கே சிறிது ஆற்றல் உண்டு. 1929ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் வுல்ப்காங் கோலர் காட்டியதை, 2001ஆம் ஆண்டு வி. எஸ். இராமச்சந்திரனும் எட்வர்டு ஹப்பர்டும் விரித்தனர். வளைந்த உருவையும் கூர்முனை உருவையும் காட்டி, ‘பூபா’ எது, ‘கிக்கி’ எது எனக் கேட்டபோது, நூற்றுக்கு 95 பேர் வளைந்ததைப் பூபா என்றனர். அமெரிக்க மாணவரும் தமிழ் பேசுவோரும் இதில் ஒன்றுபட்டனர். ஆகவே ஒலி வடிவத்தை உணர்த்தும். வன்மை மென்மையை உணர்த்தும். ஆனால் இழிவை உணர்த்தாது. வசைச்சொல்லின் ஒலி வேறொரு மொழியில் பூவின் பெயராக இருக்கலாம்.

இழிவு கற்றலால் வருவது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நரம்பியலார் ஹியூலிங்ஸ் ஜாக்சன் வியப்பான ஒன்றைப் பதிந்தார்: மூளையின் இடப்பகுதி சிதைந்து பேச்சிழந்த நோயர் சிலர், ஒரு வாக்கியமும் கோக்க முடியாத நிலையில், வசைச்சொற்களை மட்டும் தெளிவாக உரைத்தனர். எண்ணிக் கோக்கும் மொழிக்கும், உணர்ச்சியோடு பதிந்துவிட்ட சொல்லுக்கும் மூளையில் வழிகள் வேறு என்பதை அது உணர்த்தியது. 2003ஆம் ஆண்டு கேத்தரின் ஹாரிசும் உடன் ஆய்வாளரும் துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னர் ஆங்கிலம் கற்றோரைச் சோதித்தனர். தோலின் மின்கடத்துதிறனை அளந்தபோது, விலக்குச் சொற்களும், குழந்தைப் பருவத்தில் கேட்ட கடிந்துரைகளும் ஆங்கிலத்தைவிடத் துருக்கியில் மிகுந்த வியர்வைத் துலங்கலை எழுப்பின. பொருள் இரு மொழியிலும் ஒன்றே. உடல் அறிந்தது ஒன்றை. தாயின் குரலோடு, தெருவின் ஏளனத்தோடு, தண்டனையின் அச்சத்தோடு சேர்ந்து பதிந்த சொல்லே உடலை அசைக்கிறது.

இதனை ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமே 2020ஆம் ஆண்டு எடுத்துரைத்தது. ஆங்கில வசை ஒன்றைச் செருமன் எழுத்துக்கூட்டில் எழுதி, கவிஞர் கோத்தேயின் பெயரைப் பிழையாக ஒட்டிய திரைப்படத் தலைப்பு ஒன்றைப் பற்றிய வழக்கு அது. 2013இல் வெளியான அப்படத்தைப் பல இலட்சம் பேர் பார்த்தனர். தலைப்பை வணிகக்குறியாகப் பதிய ஒன்றியத்தின் பதிவு அலுவலகம் மறுத்தது. நீதிமன்றம் அம்மறுப்பை நீக்கியது. அயல்மொழி வசையைவிடத் தாய்மொழி வசை மிகுதியாக உறுத்தக்கூடும் என்பதும், செருமானியர் அத்தலைப்பை உண்மையில் எவ்வாறு ஏற்றனர் என்பதைப் பார்க்கவேண்டும் என்பதும் தீர்ப்பின் கூறுகள். ஆய்வுக்கூடமும் நீதிமன்றமும் ஒரே இடத்தில் வந்து நின்றது எனக்குப் பெரும் நிறைவு தருகிறது.

நினைவு சுமக்கும் சொல்லுக்குக் கொடிய சான்று ‘சைக்ளோன்’. வங்கக் கடற்புயல்களை ஆராய்ந்து, கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்னும் ஆங்கிலேயர், பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து சுழற்புயலுக்கு அப்பெயரைப் படைத்தார். 1848இல் வெளியான மாலுமியர் கையேட்டில் அதை விளக்கினார். உயிர் காக்கப் பிறந்த சொல். செருமனியில் அது ‘சிக்ளோன்’ என வழங்கியது. பூச்சிகொல்லி நச்சு ஒன்றுக்கும் பெயராயிற்று. நாசிகள் அந்நச்சால் அவுசுவிட்சு முதலிய முகாம்களில் பத்து இலட்சம் அளவிலான மக்களைக் கொன்றனர். 2002ஆம் ஆண்டு அம்ப்ரோ என்னும் பிரித்தானிய நிறுவனம் ஓட்டக் காலணி ஒன்றுக்கு அப்பெயர் இட்டிருந்தது வெளிவந்தபோது, யூத அமைப்புகள் எழுப்பிய கண்டனத்தால் அதைக் கைவிட்டது. புயலையே எண்ணினோம் என்பது அங்குப் போதிய விடை ஆகாது. ஆங்கிலத்தில் ‘சைக்ளோன்’ இன்றும் தடையின்றி வழங்குகிறது. எழுத்துக்கூட்டு மாறிய அளவில் சொல் வேறொரு நினைவுக்குள் நுழைந்துவிடுகிறது.

ரீபாக் நிறுவனம் மகளிர் ஓட்டக் காலணிக்கு ‘இன்குபஸ்’ எனப் பெயரிட்டு விற்று, 1997ஆம் ஆண்டு தவற்றை ஏற்றது. உறங்கும் பெண்ணின்மேல் படிந்து வன்புணரும் பேய்க்கு இடைக்கால ஐரோப்பா இட்ட பெயர் அது. ‘மேலே படுத்தல்’ என்னும் அவ்விலத்தீன் வினையே, குறைமாதக் குழந்தையை வெதுவெதுப்பில் காக்கும் இன்குபேட்டரையும் தந்தது. வேரை மட்டும் கண்டவர்க்குக் காப்பகமும் பேயும் ஒன்று.

சட்டம் இதில் என்ன செய்யவியலும்? அமெரிக்காவின் 1946ஆம் ஆண்டு லான்ஹாம் சட்டம் பிறரைத் தாழ்த்தும் பெயர்களைப் பதிய மறுத்தது. ஓரிகன் மாநிலப் போர்ட்லந்தில் ஆசிய வழியினரான இசைக்குழுவினர் தம் கண்ணமைப்பை ஏளனம் செய்யும் வசையையே எடுத்துத் ‘தி ஸ்லாண்ட்ஸ்’ எனத் தமக்குப் பெயரிட்டனர். வசையின் நஞ்சை முறிப்பதே நோக்கம் என்றார் குழுத்தலைவர் சைமன் டாம். வணிகக்குறி அலுவலகம் அதைப் பதிய மறுத்தது. 2017ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்து, தாழ்த்தும் பெயர்களைத் தடுக்கும் பகுதி பேச்சுரிமைக்கு முரண் என்று நீக்கியது. 2019ஆம் ஆண்டு ஒழுக்கக்கேடான பெயர்களைத் தடுத்த பகுதியும் நீங்கியது.

அத்தீர்ப்பு வாசிங்டன் அணிக்கும் வெற்றி ஆயிற்று. அதன் பதிவுகள் பிழைத்தன. எனினும் 2020ஆம் ஆண்டு சூலையில் அவ்வணி தன் பெயரைத் தானே கைவிட்டது. அரங்கின் பெயர் உரிமை பெற்றிருந்த பெடெக்ஸ் நிறுவனம் பெயர் மாற்றத்தைக் கோரியிருந்தது. 2022இல் ‘கமாண்டர்ஸ்’ என்னும் புதுப்பெயர் வந்தது. கால் நூற்றாண்டு வழக்கால் இயலாததைச் சில நாள்களில் பணம் செய்தது. இதில் மகிழ எனக்கு முழுமனம் இல்லை: ஆர்ஜோவின் சொல்லைக் கேட்டு நடந்திருக்க வேண்டியது, விளம்பரதாரர் சொல்லால் நடந்தது.

இந்திய வணிகக்குறிச் சட்டம், 1999, தன் 9ஆம் பிரிவில் சமய உணர்வைப் புண்படுத்தக்கூடியதையும் இழிவான, ஆபாசமான பொருளையும் விலக்குகிறது. 2015ஆம் ஆண்டு, ஊதுவத்திக்கு ‘ராமாயண்’ என்னும் பெயரை ஒருவர் தனியுரிமை கோரியபோது, புனித நூலின் பெயரை எவரும் தம் உடைமையாக்க முடியாது என உச்ச நீதிமன்றம் உரைத்தது. சமயத்தைத் தனியே குறிப்பிட்ட அப்பிரிவு, சாதியையும் நிறத்தையும் குறிப்பிடவில்லை. இந்நாட்டில் பெயரால் மக்கள் புண்பட்ட வரலாற்றில் சாதிக்கும் நிறத்துக்கும் உரிய பங்கை எண்ணினால், இது சிறு குறை அன்று.

நிறத்தின் வழக்கு நம் வீடுகளிலேயே நடந்தது. இந்துசுதான் லீவர் நிறுவனம் 1975ஆம் ஆண்டு ‘பேர் அண்டு லவ்லி’ என்னும் முகப்பசையை விற்கத் தொடங்கியது. அதன் வேதிப்பொருள் நியாசினமைடு, பி3 உயிர்ச்சத்தின் ஒரு வடிவம். மேல்தோலின் அடியடுக்கிலுள்ள நிறமிச் செல்கள் மெலனின் என்னும் கருநிறமியைச் சிறு பொதிகளில் அடைத்து மேற்புறச் செல்களுக்கு அனுப்புகின்றன. அக்கைமாற்றத்தை நியாசினமைடு மட்டுப்படுத்துகிறது. கதிரவனின் புறஊதாக் கதிரிலிருந்து செல்லின் மரபுப்பொருளைக் காக்கும் குடை அந்நிறமியே என்பதைப் பசையின் உறை சொல்லவில்லை.

‘பேர்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறு இங்குக் கவனத்துக்குரியது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு அழகு, இனிமை என்பனவே பொருள், நிறம் இல்லை. வெளிர்மேனி என்னும் பொருள் பின்னரே சேர்ந்தது. அழகைக் குறித்த சொல்லே வெண்மையையும் குறிக்கத் தொடங்கிய அப்போதே ஒரு தீர்ப்பு மொழிக்குள் ஏறிவிட்டது. அதே சொல் நேர்மையையும் குறிக்கும். வேரில் மாசில்லை. ஆனால் வேலைக்கும் திருமணத்துக்கும் தகுதி நிறத்தால் வரும் என்று விளம்பரங்கள் ஆண்டுக்கணக்கில் காட்டியபின், கருமேனிப் பெண்ணுக்கு அப்பெயர் ஒரு குறையை நாள்தோறும் நினைவூட்டிற்று. தமிழிலும் ‘சிவப்பழகு’ என்னும் கூட்டுச்சொல் இதே வேலையைச் செய்தது: சிவப்பையும் அழகையும் ஒட்டி, இரண்டுக்கும் இடையில் கேள்வி எழ இடமில்லாமல் செய்தது.

2020ஆம் ஆண்டு சூலையில் அம்முகப்பசை ‘குளோ அண்டு லவ்லி’ ஆயிற்று. ஆடவர்க்கான பசை ‘குளோ அண்டு ஹேண்ட்சம்’ ஆயிற்று. பெயர் மாற்றத்தை நான் வரவேற்கிறேன். கடைத்தட்டில் நாள்தோறும் நின்ற தீர்ப்பு ஒன்று நீங்கிற்று. இழிபொருளை ஏற்றிய வழக்கம் மட்டும் இன்னும் நீங்கவில்லை. மணமகள் தேடும் விளம்பரங்களில் ‘சிவந்த நிறம்’ என்னும் தொடர் எவர் பெயரிலும் பதியாத குறியாக வழங்கி வருகிறது. அதை நீக்க வணிகக்குறிப் பதிவாளரிடம் முறையிட வழியில்லை; அவ்விளம்பரத்தை எழுதித் தருவோரும் அச்சிடும் நாளேடுகளும்தான் நீக்கவேண்டும்.